சூரைக்குள் முளைத்த வேம்பு

கொம்பையா கிணற்றுக்குள் இறங்கினால் ஏறி வர வெகுநேரம் ஆகும். பாறை இடுக்கில் கசிகிற ஊற்றைத் தேங்காய்ச் சிரட்டையால் வழித்து வழித்துக் குடத்தில் ஊற்ற வேண்டும். குடம் நிறைவதற்குள் இடுப்பு விட்டுப்போகும்.

அந்த மேட்டுக்காட்டில் இருந்தது சின்ன மடம். ஓலைக்கூரை, ஒரு கிணறு, ஆவுடைத்தாய் என்கிற குரு, கொம்பையா என்கிற ஒரே சீடர். குருவுக்கு நாற்பது வயதைத் தாண்டியிருக்கும். சீடர் அவரைவிட இருபது வயது மூத்தவர். ஊர் ஊராகக் கிணறு வெட்டிப் பிழைத்து, மனைவி செத்த பிறகு இங்கே வந்து ஒதுங்கியவர். ஞானம் என்றால் என்னவென்று கேட்டால் திருதிருவென்று முழிப்பார். ஆவுடைத்தாய்க்கு ஒன்று என்றால் உயிரைக் கொடுப்பார்.

மழை கண்ணை மூடிக்கொண்ட காலம் அது. கிழக்கே ஒரு ஊரில் குளம் வற்றிப் போக, கிளம்பி வந்த சனம் கொஞ்சம் பேர் மடத்தில் ஒண்டியிருந்தார்கள். அவர்களில் சீனித்தாய் என்பவள் கைக்குழந்தைக்காரி.

கொம்பையா தண்ணீரைப் பங்கு வைப்பார். ஆளுக்கு ஒரு செம்பு, அவ்வளவுதான். ஆவுடைத்தாய் தன் செம்பை வாங்கி உதட்டை நனைத்துக்கொண்டு, மிச்சத்தைச் சீனித்தாயிடம் நீட்டிவிடுவார்.

நாளாக ஆக ஆவுடைத்தாய்க்குக் காய்ச்சல் கண்டது. உதடு வெடித்தது. கண் குழிக்குள் போனது. பார்க்கப் பார்க்கக் கொம்பையாவுக்குப் பொறுக்கவில்லை. யாரோ பெற்ற பிள்ளைக்காக நம் தாய் ஏன் சாக வேண்டும்?

ஒருநாள் காலையில் கேட்டேவிட்டார்.

"தாயே, இந்தச் சனத்தை அனுப்பிரட்டுமா?"

ஆவுடைத்தாய் கம்பை ஊன்றி எழுந்தார்.

"கடப்பாரையை எடுத்துக்கிட்டு வாங்க, அண்ணாச்சி."

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. கேள்விக்குக் குரு வாயால் பதில் சொன்னால், புரியாததை மறுபடி கேட்கலாம். எதையாவது கொண்டுபோய்க் காட்டினால் கேட்கக் கூடாது. பார்த்தவர்தான் புரிந்துகொள்ள வேண்டும். கொம்பையாவைப் போன்ற ஆளுக்கு இது எவ்வளவு ஆபத்தான வழக்கம் என்று யாரும் யோசித்ததில்லை.

மடத்துக்கு மேற்கே வெட்டவெளி. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சூரை முட்புதர்கள், ஒன்றையொன்று தீண்டாமல் விலகி விலகி நின்றன. இடையில் மொட்டை மண்.

"இந்த வெறுந்தரையில ஒரு போடு போடுங்க."

கடப்பாரை ணங்கென்று எகிறியது.

"பாறையா?"

"மண்ணுதான் தாயே. வெயில்ல இறுகிக் கெடக்கு. மழை பெஞ்சாலும் உள்ள எறங்காது, வழிஞ்சு ஓடிரும்."

"இப்போ இந்தப் புதருக்கடியில."

ஒரே குத்தில் கடப்பாரை இறங்கியது. கறுப்பு மண். கையில் எடுத்தால் உதிர்ந்தது. மண்ணைக் கண்டால் கொம்பையாவுக்கு வாய் தானாகத் திறக்கும்.

"காத்துல வார தூசி, சருகு எல்லாம் முள்ளுல சிக்கி இங்கன விழுந்து மக்கியிருக்கு. அங்க வழிஞ்சு ஓடுத தண்ணியும் இங்கன வந்துதான் நிக்கும்."

புதரின் நடுவே ஒரு வேப்பங்கன்று இடுப்பு உயரத்துக்கு வளர்ந்திருந்தது. ஆவுடைத்தாய் அதைக் காட்டினார்.

"இது எப்படி வந்துச்சு?"

"வேப்பம்பழம் தின்ன குருவி சூரம்பழம் திங்க வந்து எச்சம் போட்டிருக்கும். வெளிய விழுந்த வெதையெல்லாம் கருகியிருக்கும். இது நெழல்ல மொளைச்சிருச்சு. முள்ளு இருக்கதால ஆடும் வாய் வைக்க முடியல."

"இன்னும் பாருங்க."

கொம்பையா குனிந்து இன்னும் கொஞ்சம் தோண்டினார். வேம்பின் வேர் சூரையின் வேருக்குக் கீழே போயிருந்தது. நிமிர்ந்து பார்த்தார். சூரையில் பாதிக்கிளை காய்ந்து நின்றது.

"இந்த வேம்புப் பய கீழ எறங்கி எல்லாத்தையும் உறிஞ்சுறான் தாயே. சூரை காயுது."

"ஆமா."

"இப்படியே போனா செத்துரும்."

"ஆமா."

ஆவுடைத்தாய் தோண்டிய மண்ணைக் காலால் வேர்மேல் தள்ளி மூடிவிட்டுத் திரும்பி நடந்தார்.

கொம்பையாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒண்ட வந்தது நிழல் கொடுத்ததையே குடித்துத் தீர்க்கும். தாயே இதைக் காட்டியபிறகு இன்னும் என்ன யோசனை? பாவி மனுசன், பூரிப்போடு வேறு நடந்தார்.

மறுநாள் விடியும்போது ஆவுடைத்தாய் காய்ச்சலில் மயங்கிக் கிடந்தார். கொம்பையா அந்தச் சனத்திடம் போனார்.

"எல்லாரும் கெளம்புங்க. மேக்கே ஆத்துல ஊத்து இருக்காம். தாயி சொல்லிட்டாக."

சீனித்தாய் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள்.

"தாயியா சொன்னாக?"

"ஆமா."

"அவுக சொன்னா நல்லதுக்குத்தான் இருக்கும், சாமி."

ஆவுடைத்தாய் படுத்திருந்த பக்கம் பார்த்துக் கும்பிட்டுவிட்டு நடந்தாள். கொம்பையா குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றில் இறங்கினார்.

ஆவுடைத்தாய் கண் விழித்தபோது பக்கத்தில் செம்பு நிறையத் தண்ணீர் இருந்தது. அவர் அதைத் தொடவில்லை.

"பிள்ளை சத்தத்தையே காணோம்?"

"அனுப்பிட்டேன் தாயே."

"யார் சொல்லி?"

"நீங்கதான காட்டுனிய."

ஆவுடைத்தாய் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் கொம்பையா தாங்கியிருப்பார். ஆவுடைத்தாய் செம்பை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"தூக்கிக்கிட்டு ஓடுங்க. கூட்டிக்கிட்டு வாங்க."

வெயிலில் செம்பு தளும்பாமல் ஓடுவது லேசுப்பட்ட காரியமா? பனைமட்டையால் மூடி, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஓடினார். சூரியன் சாயத் தொடங்கிய நேரத்தில் வெட்டவெளியில் அவர்களைக் கண்டார். ஆண்கள் இரண்டு பேர் மண்வெட்டியால் தரையைக் கொத்திக்கொண்டிருந்தார்கள். தரை அசைந்து கொடுக்கவில்லை.

என்னத்துக்குத் தோண்டுகிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. சீனித்தாய் மடியில் பிள்ளையை முந்தானையால் முகம்வரை மூடி வைத்திருந்தாள்.

கொம்பையா செம்பைத் தரையில் வைத்துவிட்டு மண்வெட்டியை வாங்கினார். அவர் கைக்கும் தரை இளகவில்லை. ஊரெல்லாம் கிணறு வெட்டிய கை, ஒரு முழப் பிள்ளைக்குக் குழி வெட்ட வக்கில்லாமல் நின்றது. சுற்றிலும் பார்த்தார். கொஞ்சம் தள்ளி ஒரு சூரைப் புதர் நின்றது.

தவழ்ந்து உள்ளே போனார். முள் முதுகைக் கிழித்தது. மண் மெத்தென்று விட்டுக் கொடுத்தது. அங்கேதான் தோண்டினார். சீனித்தாய் முள்ளுக்கு ஊடே பிள்ளையை நீட்ட, அவர் வாங்கிக் கிடத்தினார்.

வெளியே வந்து செம்பை அவளிடம் கொடுத்தார்.

"தாயி உங்களைப் போகச் சொல்லல. நான் பொய் சொன்னேன்."

மண்ணை வாரித் தூற்றுவாள் என்று தலைகுனிந்து நின்றார். அவள் செம்பைப் பார்த்தாள். புதரைப் பார்த்தாள்.

"அவ்வளவு தூரமும் திரும்ப நடக்கணுமா, சாமி?"

இதற்குப் பதில் அவள் நாலு வசவு வைதிருக்கலாம்.

எல்லாரையும் கூட்டிக்கொண்டு கொம்பையா திரும்பி வந்தபோது ஆவுடைத்தாய் வாசலில் உட்கார்ந்திருந்தார். சீனித்தாயின் வெறுங்கையைப் பார்த்தார்.

"எங்க வச்சிய?"

"சூரைக்குள்ள," என்றார் கொம்பையா. "வேற எங்கயும் மண்ணு எளகல."

அதற்குப் பிறகும் ஆவுடைத்தாய் தன் செம்பைச் சீனித்தாயிடம் நீட்டுவதை நிறுத்தவில்லை. நாளுக்கு நாள் அவர் பாயோடு பாயாகிப் போனார். ஒரு காலையில் செம்பைத் தூக்க முடியாமல் தரையில் நகர்த்திக் கொடுத்தார். சீனித்தாய் வாங்கிக்கொண்டு அழுதாள்.

கொம்பையா உடைந்துபோனார். வழக்கமாவது மண்ணாவது என்று வாய்விட்டுக் கேட்டார்.

"பிள்ளைதான் போயிருச்சே, தாயே. இனி அவ பாலு யாருக்கு? நீங்க குடிங்க."

"பிள்ளைக்காகவா கொடுத்தேன்?"

"அன்னைக்கு அந்தச் சூரையைக் காட்டுனிய. அது மாதிரி நீங்க சாகக் கூடாதுன்னுதான் இவங்களை அனுப்புனேன். அதைத்தான காட்டுனிய?"

"நான் வேம்பைக் காட்டுனேன்."

"பாத்தேன் தாயே. வேம்புதான் இந்தச் சனம்."

"இல்ல அண்ணாச்சி. அது நான்."

கொம்பையாவுக்குப் புரியவில்லை. ஆவுடைத்தாய் மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார்.

"நான் இங்க ஓடி வந்தப்போ எனக்குச் சீனித்தாய் வயசு. மழை இல்ல. இந்தக் கெணத்துல இப்படித்தான் கசிஞ்சுது. மடத்துல ஒரு பெரியவர் இருந்தாரு. தன் செம்பை எனக்கு நீட்டுவாரு. ஏன்னு கேக்காம வாங்கிக் குடிச்சேன்."

"அவரு என்ன ஆனாரு, தாயே?"

"தாகத்துல செத்தாரு. செம்பு என் கையில இருந்துச்சு."