பிந்தி விழுந்த கிட்டார்

“தாளம் தப்புறவனை அந்த இடத்திலேயே நிறுத்திரணும், நிறுத்திட்டு…” என்று பெரியப்பா ஏதோ சொல்வார். நிறுத்திவிட்டு என்ன செய்ய வேண்டும் என்பது ஆசீருக்கு மறந்துபோயிற்று. நினைவில் நின்ற பாதியை வைத்துக்கொண்டுதான், தான் நடத்தும் பாடகர் குழு மொத்தமும் பார்த்திருக்க, “இனிமே நீ கிட்டாரைத் தொடாத” என்று மச்சினன் ஜெபராஜிடம் சொன்னார். அவன் கிட்டாரை உறையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அந்தக் கோபம் ஆறாமலே, மடிக்கணினி, மைக், ஹெட்ஃபோன் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு பியூலா டீச்சர் வீட்டுக்குப் போனார். கணினியில் பாட்டுப் பதிவு செய்ய அவருக்குச் சொல்லிக்கொடுப்பவர் டீச்சர். வயதில் ஆசீரைவிட ரொம்பச் சின்னவர்.

நடந்ததைக் கேட்ட டீச்சர், “உங்க மச்சினர் அப்படி என்னதான் செஞ்சார்?” என்றார்.

“என் கிட்டாரை முதல்ல பதிவு செஞ்சு வெச்சேன் டீச்சர். அதை ஹெட்ஃபோன்ல கேட்டுக்கிட்டே அவன் சேர்ந்து வாசிக்கணும். வேற வேலையே இல்ல. பாட்டு முழுக்கப் பிந்துறான். என் கல்யாணத்துக்கே பிந்தி வந்த பய அவன்.”

“நான் என்ன செய்யணும்?”

“அவன் வாசிச்சதை இழுத்து என்னுதோட சேர்க்கணும். எப்படின்னு சொல்லுங்க.”

“ஒரு இடத்துல அதிகமா, ஒரு இடத்துல கம்மியாப் பிந்துறாரோ?”

“எங்கயும் ஒரே அளவு. திமிர் இல்லாம இவ்வளவு ஒழுங்காப் பிந்த முடியுமா?”

டீச்சர் அவரை ஒருமுறை பார்த்தார். ஆசீரின் ஹெட்ஃபோனை எடுத்து மைக்கின் மேல் கவிழ்த்தார். ஆசீர் வாசித்ததை அதில் ஓடவிட்டு, அதையே அந்தக் கணினியில் புதிதாகப் பதிவு செய்தார். பிறகு பழையதையும் புதியதையும் சேர்த்து ஒலிக்கவிட்டார்.

புதியது பிந்தியது. பாட்டு முழுக்க, அதே அளவு.

“இது யார் வாசிச்சது அண்ணாச்சி?”

“நான்தான். என்னுதையேதானே திரும்பப் பதிவு செஞ்சீங்க.”

“அப்புறம் ஏன் பிந்துது?”

ஆசீர் திரையில் இரண்டு பதிவுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்.

“கம்ப்யூட்டர்… சத்தத்தை வாங்கிப் பதியறதுக்கு நேரம் எடுக்குதோ?”

“ஆமா.”

“அதைச் சரிசெய்ய முடியும்ல?”

“ஒரே ஒரு இடத்துல மாத்தினாப் போதும். மாத்தித் தரேன். அதுக்கு முந்தி ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க டீச்சர்.”

“பிந்துனார்னு உங்க மச்சினரை எல்லார் முன்னாடியும் அனுப்பிட்டீங்க. இப்பப் பிந்துன இந்த ஆசீரை எப்ப அனுப்பப் போறீங்க?”

அடுத்த பயிற்சியன்று, குழுவில் எல்லாரும் வந்து உட்கார்ந்த பிறகு, அவர்கள் முன்னாலேயே ஜெபராஜிடம் மன்னிப்புக் கேட்பதென்று ஆசீர் முடிவு செய்தார்.