அல்லிக்குளத்தின் ஆட்சேபணை

சித்திரை வெயிலில் அல்லிக்குளம் வற்றிக் கிடந்தது. அதன் நடுவே தவசி என்ற கொக்கு ஒற்றைக் காலில் நின்றது. தண்ணீரும் இல்லை, மீனும் இல்லை. பின் எதற்கு நின்றது என்கிறீர்களா? எல்லாம் பழக்கதோஷம்தான்!

மற்ற பறவைகள் தூரத்து ஏரிக்குப் போய்விட்டன. தவசியின் சிறகில் பழைய காயம். அவ்வளவு தூரம் பறக்க முடியாது. கிடைத்த வெட்டுக்கிளியைத் தின்றுவிட்டு, நிறைந்த குளத்தை நினைத்தே நாளை ஓட்டியது. ஐப்பசியில் கரை ததும்பும். விரால் மீன் தன் சிவந்த குஞ்சுகளைக் கூட்டமாக மேய்த்துக்கொண்டு போகும். தவளைகள் கத்தும் கத்தலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது.

'எத்தனை தடவை அந்தச் சத்தத்தைத் திட்டியிருக்கிறேன்! இப்போது ஒரே ஒரு குரல் கேட்டால் போதும்' என்று தவசி ஏங்கியது.

ஒருநாள் நரி வந்தது. குளத்தின் குறுக்கே வரிசையாகக் குச்சிகளை நட்டு, ஒவ்வொன்றிலும் மஞ்சள் பூவைக் கட்டியது.

"என்ன நரியண்ணே, கல்யாணமா?" என்று கேட்டது தவசி.

"அதுக்கும் மேல! சேத்துப்பள்ளத்துல கொப்புளம் கொப்புளமா ஒரு காத்து வருதே, தீப்பொறி பட்டா குப்புனு பிடிக்குமே, அதை மூங்கில் குழாயில அடைச்சுப் புலி ராசாவோட குகைக்குக் கொண்டு போறோம். மார்கழிக் குளிருக்குக் குகை கதகதப்பா இருக்கணுமாம்!"

"குழாய் இந்த வழியாவா போகுது?"

"இதுதானே நேர் வழி! ஆழமாப் பள்ளம் தோண்டிப் புதைச்சிடுவோம்."

தவசிக்குத் திக்கென்றது. குளம் காலியாக இல்லை. தண்ணீர் வற்றும்போது தவளைகளும் ஆமைகளும் சேற்றுக்குள் இறங்கி, மழை வரும்வரை உறங்கும். பள்ளம் தோண்டினால் அத்தனையும் உறக்கத்திலேயே செத்துப்போகும். அடியில் இருக்கும் களிமண் கிழிந்துவிட்டால் தண்ணீரும் தங்காது. ஐப்பசி வரும், குளம் திரும்பி வராது.

"குளத்துல இருக்கிறவங்களைக் கேட்டீங்களா?"

"கேக்காம இருப்போமா? நாளைக்குக் காலைல இங்கேயே கூட்டம். ராசாவே வர்றார். ஆட்சேபணை இருந்தா தாராளமா எழுந்து சொல்லட்டும்!" என்று நரி கண்ணைச் சிமிட்டியது. பொல்லாத நரி! எல்லோரும் உறங்கும் மாதமாகப் பார்த்துத்தான் கூட்டம் போட்டிருக்கிறது.

தவசி காட்டாற்றுக்கு ஓடியது. அங்கே யானை, காய்ந்த மணலைக் காலால் தோண்டி ஊற்றுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. தவசி விஷயத்தைச் சொன்னது.

"ராசா காரியம். நமக்கெதுக்கு வம்பு தவசி?" என்றது யானை.

"அக்கா, உன் குட்டி முதல் முதலாத் தண்ணியில இறங்கப் பயந்து, உன் காலைக் கட்டிக்கிட்டு நின்னுதே, அது எந்தக் குளம்? நான் உன் முதுகுல உட்கார்ந்து பார்த்தேனே!"

யானை தண்ணீர் குடிப்பதை நிறுத்தியது. அந்தக் குட்டி இப்போது வளர்ந்து வேறு கூட்டத்தோடு போய்விட்டது.

"சரி, என்ன செய்யணும் சொல்லு" என்றது.

மறுநாள் காலை புலி வந்து கரையில் உட்கார்ந்தது. நரி குளத்தின் நடுவே நின்று, "யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று மூன்று முறை கூவியது. ஒரு சத்தமும் இல்லை.

"பார்த்தீங்களா மகாராசா? எல்லாருக்கும் பரம சந்தோஷம்!"

"எனக்கு ஆட்சேபணை இருக்கு!" என்றது தவசி.

நரி விழுந்து விழுந்து சிரித்தது. "தவளையை முழுங்குறவன் தவளைக்குப் பரிஞ்சு பேச வந்துட்டான்!"

புலிகூடச் சிரித்துவிட்டது. தவசிக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் இடத்தை விட்டு நகரவில்லை.

"ஆமா, முழுங்குறவன்தான். அதனாலதான் இங்கே யார் எங்கே படுத்திருக்காங்கனு எனக்கு அத்துப்படி! கொஞ்சம் பொறுங்க மகாராசா!"

யானை முன்னால் வந்தது. தும்பிக்கையில் கொண்டுவந்த தண்ணீரைக் காய்ந்த சேற்றின் மீது மழைபோலத் தூவியது. பிறகு இடி இடிப்பதுபோலத் தரையை மிதித்தது. தொம்! தொம்!

மண்ணுக்கு அடியிலிருந்து 'கொர்ர்ர்' என்று ஒரு குரல். அதற்குப் பதில் சொல்வதுபோல இன்னொன்று. அப்புறம் பத்து, நூறு! குளத்தின் அடி முழுவதும் கத்தியது. தவசியின் கண் கலங்கிவிட்டது. அதே பழைய இரைச்சல்!

புலி துள்ளி எழுந்தது. "அடேயப்பா! எத்தனை பேர் இருக்காங்க இங்கே?"

"ஒரு ஊரே இருக்கு மகாராசா!" என்றது தவசி.

"சுத்திக்கிட்டுப் போனா வழியெல்லாம் பாறை, வேலை இழுக்கும்..." என்று நரி முனகியது.

"தூங்குற ஊரைக் கேட்டேன்னு எங்கிட்டயே கதை விட்டியா? பாறை வழியாவே கொண்டு போ! முடியலைனா விட்டுடு. இத்தனை வருஷம் குளிர்லதானே இருந்தேன்!" என்று உறுமிவிட்டுப் புலி போனது. நரி குச்சிகளைப் பிடுங்கிக்கொண்டு நடையைக் கட்டியது.

அப்போது தவசியின் காலடியில் மண் பிளந்தது. கொழுத்த தவளை ஒன்று தலையை நீட்டி, தூக்கக் கலக்கத்தோடு கேட்டது: "மழை வந்துடுச்சா?"

தவசி தின்று இரண்டு நாள் ஆகியிருந்தது. அலகுக்கு நேர் கீழே தவளை! வெயிலோ ஏறிக்கொண்டிருந்தது.

"இன்னும் வரலை. உள்ளே போய்த் தூங்கு. வெளியே வந்தா காய்ஞ்சு போயிடுவே" என்று சொல்லி, காலால் ஈரச்சேற்றைத் தள்ளி அதை மூடிவிட்டது.

ஐப்பசி வந்தது. குளம் நிறைந்தது. தவளைகள் காது கிழியக் கத்தின. தவசி அன்று முழுக்க எதையும் பிடிக்காமல், கேட்டுக்கொண்டே நின்றது. மறுநாளிலிருந்து வழக்கம்போலத்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்!

வாய் திறக்க முடியாத நேரம் பார்த்து வாங்கும் சம்மதம், சம்மதமே ஆகாது.