தொடைக்கக் கூடாத பலகை

ஃபேனைப் பார்த்துக்கிட்டே இருந்தா கரண்ட் வந்துடாது, இந்தப் பக்கம் திரும்பிப் படு. காலாண்டு லீவுல மத்தியானம் தூங்குனா ஒண்ணும் குறைஞ்சு போயிட மாட்டே. கதை சொல்றேன், நீ "ம்" மட்டும் சொல்லணும். குறுக்கே கேள்வி கேட்டா நிறுத்திடுவேன்.

ஒரு ஊர்ல ஒரு கரும்பலகை இருந்துச்சாம். ராமநாதபுரம் பக்கத்துல, கண்மாய் காய்ஞ்சா ஊரே காய்ஞ்சு போற ஊரு. அந்தப் பலகையில வானிலை எழுதுறதுக்குன்னே ஒரு பொண்ணு இருந்தா. பேரு சூரியகலா. காலேஜ் படிச்சவ. நாலு பேர் சேர்ந்து பார்த்தா தொண்டையில பேச்சே வராது அவளுக்கு. செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் அவ போனுக்கு, டிங்னு, வானிலைச் செய்தி வரும். அதை டீக்கடைக்கு எதிர்ல இருக்குற பலகையில எழுதிட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டு வீட்டுக்கு ஓடிடுவா. ம் சொல்லு.

அப்போ புரட்டாசி மாசம். ஆனா வெயில் சித்திரை மாதிரி. மண்ணு வெந்து கிடக்குது, ஆட்டுக்குட்டி எல்லாம் நிழலைத் தேடி லாரிக்கு அடியில படுக்குது. அந்த ஊர்ல எப்பவும் காய்ஞ்ச புழுதியிலேயே நெல்லை விதைச்சிடுவாங்க. விதை மண்ணுக்குள்ள மழைக்காகக் காத்துக்கிட்டு இருக்கும். நல்ல மழை வந்தா பிழைச்சுக்கும். கொஞ்சூண்டு தூறல் போட்டுட்டு மறுபடி வெயில் அடிச்சா, முளை விட்டுக் கருகிப் போயிடும்.

முதல் செவ்வாய்க்கிழமை சேதி வந்துச்சு. "மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் மழைக்கு வாய்ப்பு." சூரியகலா கொட்டை எழுத்துல எழுதுனா. டீக்கடை மாயழகு அண்ணன் கிளாஸைக் கழுவிக்கிட்டே, அந்த ஓரிரு இடம் எதுன்னு கேட்டாரு. தெரியாதுன்னா. அப்போ நம்ம ஊரா இருக்கலாம்லன்னாரு. இருக்கலாம்னா. அவ்வளவுதான், மழை வருதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டாரு.

வரலை.

வெள்ளிக்கிழமை ரெண்டாவது சேதி. "வறண்ட வானிலை நிலவும். வெப்பம் இயல்பை விடக் கூடுதலாக இருக்கும்." பழசைத் தொடைக்கலாம்னு ஈரத்துணியை எடுத்தா, மாயழகு ஓடி வந்து கையைக் குறுக்கே நீட்டுறாரு. ஏன்னா அந்த ஊர்ல அப்படி ஒரு வழக்கம். விளக்கை அணைன்னு சொல்லாம குளிர வைன்னு சொல்லுவோம்ல, அந்த மாதிரி. மழைன்னு ஒருதடவை எழுதிட்டா அதைத் தொடைக்கக் கூடாதாம், தொடைச்சா மழை கோவிச்சுக்கிட்டுப் போயிடுமாம். "கீழ இடம் இருக்குல்லம்மா, அங்க எழுது. கொஞ்சம் சின்னதா எழுது"ன்னாரு. இவளும் பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சின்னதா எழுதுனா.

அதுக்குள்ள, பேர்லயே சூரியனை வச்சிருக்கா, இவ எழுதி எங்க மழை வரப் போகுதுன்னு கடையில ஒரே சிரிப்பு. என்ன செய்யுறது சொல்லு, பேரு அவளா வச்சுக்கிட்டா?

அப்புறம் மூணாவது சேதி வந்துச்சு, அடுத்த செவ்வாய்க்கிழமை. அதுதான் முக்கியம், முழிச்சுக்கோ. இல்லை இல்லை, முழிச்சுக்காதே, சும்மா கேளு. "வியாழனன்று லேசான தூறல். அதன்பின் பத்து நாட்கள் வறண்ட வானிலை. விதைப்பைத் தள்ளிப்போடவும்." பலகையில இடமே இல்லை. மூலையில எறும்பு ஊர்ற மாதிரி நுணுக்கி நுணுக்கி எழுதுறா. "விதைப்பை" வரைக்கும் வந்துடுச்சு, "தள்ளிப்போடவும்" மரச்சட்டத்துல இடிச்சு நிக்குது.

அப்போ தட் தட் தட்னு நடந்து வந்துச்சு முத்துராக்கு ஆத்தா. தலையில ஒரு விதை மூட்டை. அந்த ஆத்தாவுக்கு ஒரு ஏக்கர் நிலம், ஒரே ஒரு மூட்டை விதை. அது போச்சுன்னா அந்த வருஷம் சோறு கிடையாது. கண்ணு சரியாத் தெரியாது, அதனால பலகையில என்ன போட்டிருக்குன்னு கேட்டுச்சு. மாயழகு மேல இருந்த கொட்டை எழுத்தைக் காட்டி, மழைன்னு போட்டிருக்கு ஆத்தா, தைரியமாப் போய் விதைன்னாரு. இவ, கீழயும் பாருங்கன்னு சொன்னா. யாருக்குக் கேட்டுச்சு? அவளுக்கே கேட்கலை. ஆத்தா நடக்க ஆரம்பிச்சிடுச்சு, தட் தட்.

சூரியகலாவுக்கு வந்துச்சே ஒரு ஆத்திரம். ஈரத்துணியை எடுத்தா. சரக், சரக், சரக். மேல இருந்து கீழ வரைக்கும் பலகை மொத்தமும் கறுப்பு. அப்புறம் நடுவுல பெருசா எழுதுனா, "பத்து நாளைக்கு விதைக்காதீங்க."

டீக்கடையில இருந்தவங்க எல்லாம் எந்திரிச்சு வந்துட்டாங்க.

"மழையைத் தொடைச்சிட்டியேம்மா"ன்னாரு மாயழகு.

"ஒரு வாரமா எழுதியே வச்சிருந்தேனே, வந்துச்சா அண்ணே?"

சத்தமாத்தான் சொன்னா. அவளுக்கே ஆச்சரியம். ஆத்தா திரும்பி வந்து மூட்டையை இறக்கி வச்சுச்சு.

"இது தப்பாப் போனா?"

"போகலாம் ஆத்தா. ஆனா முளைச்சுக் கருகிட்டா, உங்ககிட்ட வேற விதை இருக்கா?"

ஆத்தா மூட்டைக்குள்ள கையை விட்டு ஒரு பிடி நெல்லைத் தடவிப் பார்த்துச்சு. அப்புறம் மூட்டையைத் தூக்கிக்கிட்டு வீட்டைப் பார்த்து நடந்துச்சு. மத்தவங்க எல்லாம் வீம்புக்குன்னே அன்னைக்கே விதைச்சாங்க.

வியாழக்கிழமை பொட்டுப் பொட்டுன்னு தூறுச்சு. அடேயப்பா, மழைதான் வந்துடுச்சே, விதைக்காதேன்னு ஏன் எழுதுனேன்னு அவ வீட்டு வாசல்ல வந்து ஆளாளுக்குப் பேசுன பேச்சு. கூட்டத்துக்குப் பின்னால முத்துராக்கு ஆத்தாவும் நின்னுச்சு, திட்டலை, சும்மா நின்னுச்சு. அதுதான் இவளுக்குத் தாங்கலை. அன்னைக்கு இவ சாப்பிடவே இல்லை. நாலாம் நாள் ஊர் வயல்ல எல்லாம் பச்சைப்பசேல்னு முளை. ஆறாம் நாள் சுள்ளுன்னு வெயில். எட்டாம் நாள் பார்த்தா, எல்லாம் வைக்கோல் நிறம்.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை, விதைக்கலாம்னு சேதி வந்துச்சு. ஆத்தா மட்டும் விதைச்சுச்சு. மத்தவங்க விதைக்கு ஊர் ஊரா அலைஞ்சாங்க. மூணாம் நாள் மழை வந்துச்சு பாரு, சோ... சோன்னு, கண்மாய்ல தவளை கத்துற வரைக்கும்.

இனிமேயாவது அவ சொல்றதைக் கேட்பாங்கன்னு தானே நினைக்கிறே? நானும் அப்படித்தான் நினைச்சேன். மாயழகு அண்ணன் என்ன சொன்னாரு தெரியுமா? அந்தப் பொண்ணு பலகையைத் தொடைச்சதாலதான் மழை வந்துச்சாம். இப்போ வருஷா வருஷம் புரட்டாசியில பலகையை மஞ்சத்தண்ணி விட்டுத் தொடைச்சு, தேங்காய் உடைக்கிறாங்க. அதுல ஒரு எழுத்து எழுத விட மாட்டேங்குறாங்க, எழுதுனா மழை வராதாம். இவங்களோட என்னதான் பண்றது?

ம்? எங்க எழுதுறாளா? முத்துராக்கு ஆத்தா தன் வீட்டுச் சுவரைக் காட்டி, "இங்க எழுது தாயி. எத்தனை வாட்டி வேணும்னாலும் தொடைச்சுக்கோ"ன்னு சொல்லிடுச்சு. இப்போ விதைக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தரா, யாரும் பார்க்காத நேரமாப் பார்த்து, அந்தச் சுவரைத் தேடி வர்றாங்க. மாயழகு அண்ணன் உள்பட.

கதை வீடு போய்ச் சேர்ந்துடுச்சு, நீயும் கண்ணை மூடு.