ராஜா குனிந்த கதை

வடபழனியில் ஒரு கார்ட்டூன் கம்பெனி. அங்கே படம் வரைகிறவள் சுகந்தவல்லி. அவள் வரைந்த ராஜா சிம்மாசனத்தை விட்டு எழும்போது முதலில் முன்னால் குனிந்து, பிறகுதான் நிமிர்ந்தார். அதைப் பார்த்த இயக்குநர் தில்லைநாயகத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ராஜா எதுக்கும்மா குனியறார்? எங்களை மாதிரி பெரிய மனுஷங்க நினைச்ச உடனே விறைப்பா எழுந்திருப்போம். நிஜ ஆள் ஒருத்தர் இப்படி எழுந்திருக்கிறதை வீடியோவில காட்டு. இல்லேன்னா நாளையிலேருந்து வராதே.”

“சரிங்க சார். போன வாரம் உங்களுக்குப் பொன்னாடை போர்த்தினாங்களே, அந்த வீடியோவைப் போடலாமா?”

அவருக்கு வாயெல்லாம் பல். ஆபீஸையே கூப்பிட்டு உட்கார வைத்துப் போடச் சொன்னார். மைக்கில் அவர் பெயரைச் சொல்லும் இடம் வந்ததும் சுகந்தவல்லி வீடியோவை மெதுமெதுவாக நகர்த்தினாள். திரையில் தில்லைநாயகம் முழங்காலில் கை ஊன்றினார், மூக்கு மேஜையில் இடிக்கிற மாதிரி குனிந்தார், அப்புறம்தான் நிமிர்ந்தார். ஆள் நின்ற பிறகும் தொப்பை இரண்டு தரம் குலுங்கித்தான் நின்றது.

“தொப்பை ஆடுறதை மட்டும் ராஜாவுக்கு வரையலை சார். மரியாதைக்காக விட்டுட்டேன்” என்றாள் அவள்.

கோபத்தில் எழுந்து போய்விடத்தான் அவர் நினைத்தார். ஆனால் அத்தனை பேர் கண்ணும் அவர் மேலேயே இருந்தது. சாப்பாட்டு நேரம் வந்து எல்லோரும் கலைகிற வரை மனிதர் நாற்காலியை விட்டு அசையவில்லை.