எழுத்து சரியாக வந்த படம்

அன்று காலை சூஃபி மடமான அந்தத் தைக்காவில் இருந்தவர்கள் மூன்று பேர்.

ஷெய்கு கலந்தர் லெப்பை. வயது முப்பத்தெட்டு. தகப்பனாருக்குப் பிறகு குருவின் பாயில் உட்கார்ந்தவர்.

அவருடைய சீடர் மீராசா. வயது அறுபத்தொன்று. முப்பது வருஷம் உப்பளத்தில் எடை பார்த்தவர். ஆகவே எதையும் லேசில் நம்பாதவர்.

அடுப்படியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஹமீதா லாத்தா.

அன்றைய கந்தூரி விருந்துக்கு நேர்ந்துவிட்ட ஆடு முற்றத்தில் கட்டியிருந்தது. அதை எண்ணிக்கையில் சேர்க்கவில்லை.

மீராசா உட்காரும்போதே குறையைச் சொன்னார்.

"ஹழ்ரத், நாலு மாசமா எனக்கு நீங்க ஒண்ணுமே சொல்லித் தரல."

"ஒரு வேலை குடுத்தேனே, காக்கா."

"அது வேலை. நான் கேக்குறது ஞானம்."

"வேலை முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. அல்ஹம்துலில்லாஹ். இனிமே எவனும் குத்தம் சொல்ல முடியாது."

உள்ளேயிருந்து ஹமீதா லாத்தாவின் குரல் வந்தது. "எழுத்து நல்லா வந்துட்டாம். விடிஞ்சதுலேருந்து இதே பேச்சு. எனக்குக் காது புளிச்சுப்போச்சு."

வேலை இதுதான்.

தைக்கா முற்றத்தில் இரண்டு கிணறுகள். ஒன்று வட்டக் கிணறு. அதன் தண்ணீர் இளநீர் மாதிரி. மற்றது சதுரக் கிணறு. பக்கத்தில் இறால் பண்ணை வந்த பிறகு அதன் தண்ணீர் கெட்டுப்போனது. கால் கழுவலாம், பாத்திரம் துலக்கலாம். குடிக்கக் கூடாது.

பார்வைக்கு இரண்டும் ஒரே தெளிவு.

போன கந்தூரியில் சதுரக் கிணற்றில் குடித்த ஒன்பது பேர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அதில் ஒரு சின்னப் பெண், எழுந்து நடக்க ஒரு மாதம் ஆனது.

பலகை இருந்தது. கூட்டத்தில் பலகையை யார் பார்க்கிறார்கள்?

"முற்றத்துல கால் வைக்கிறதுக்கு முன்னாடியே வர்றவங்க கையில ஒரு படம் இருக்கணும்" என்று ஷெய்கு சொல்லியிருந்தார். "படிக்கத் தெரியாதவங்களும் வருவாங்க. இந்த வருஷம் ஒருத்தர்கூடப் படுக்கக் கூடாது. அது உங்க பொறுப்பு."

மீராசா மருமகனின் கைபேசியில் ஏஐ வைத்துப் படம் போட்டார். முதல் தடவையே படம் அழகாக வந்தது. வட்டக் கிணறு. அதன் பக்கத்தில் ஒரு பெண் கைகுவித்துத் தண்ணீர் குடிக்கிறாள்.

கீழே எழுத வேண்டியது மூன்றே சொல். 'வட்டக் கிணற்றில் குடியுங்கள்.'

அதுதான் வரவில்லை.

"என்ன எழுத்து அது, ஹழ்ரத்! கொம்பு இருக்கு, கொம்புக்குரிய எழுத்து இல்ல. புள்ளியெல்லாம் ஈ மொய்ச்ச மாதிரி. தமிழும் இல்ல, மலையாளமும் இல்ல. ஜின்னு எழுதி வச்ச மாதிரி இருந்துது."

முதலில் அவர் கைபேசியைச் சந்தேகப்பட்டார். பிறகு மருமகனை. நல்லதைத் தனக்கு வைத்துக்கொண்டு மாமனுக்கு மட்டமானதைக் கொடுத்துவிட்டான் என்று இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. கடைசியில் இயந்திரத்தையே சந்தேகப்பட்டார்.

"தமிழ் தெரியுமான்னு கேட்டேன். நல்லாத் தெரியும்னு சொல்லுது. சரியா எழுதுன்னு சொன்னா, மன்னிக்கணும்னு சொல்லிட்டு மறுபடியும் தப்பா எழுதுது. சிரிச்சுக்கிட்டே தராசுல விரலை வைக்கிற ஆளு இருக்கான் பாருங்க, அந்தச் சாதி."

"பேனாவால எழுதித் தொலைச்சா என்ன?" என்றாள் ஹமீதா லாத்தா.

"என் எழுத்து கோழி கிளறினது. அதை யாரு மதிப்பா?"

"கோழி கிளறினா என்ன கிளறிச்சுன்னு தெரியுமே, காக்கா."

ஷெய்கு சிரித்தார். மீராசா சிரிக்கவில்லை.

"நான் விடல, ஹழ்ரத். எழுத்தை மட்டும் மாத்து, எழுத்தை மட்டும் மாத்துன்னு திருப்பித் திருப்பிச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் புதுப் படம் அனுப்பும். ஒவ்வொண்ணையும் பெருசாக்கி எழுத்தெழுத்தாப் பாப்பேன். முந்தாநாள் வந்துட்டு. பாருங்க."

ஒரு தாளை நீட்டினார். எழுத்து அச்சுக்கோத்த மாதிரி இருந்தது. மூன்று சொல்லும் முழுசாக, கறுப்பாக, நேராக நின்றன.

"நல்லாப் பாத்தீங்களா?"

"கடைசி எழுத்துலேருந்து பின்னாடியும் படிச்சுப் பாத்தேன். கண்ணாடி போட்டும் பாத்தேன், போடாமலும் பாத்தேன். நம்புற ஆளா நான்?"

"இல்லதான்."

"இருநூறு அச்சடிச்சேன். இதோ கையில ஒண்ணு. மிச்சம் நூத்தித் தொண்ணூத்தொம்பதும் பஸ் நிறுத்தத்துல, தங்கப்பழம் டீக்கடையில. இறங்குற ஆளுக்கு ஒண்ணுன்னு காலையிலேருந்து குடுத்துக்கிட்டிருக்காரு."

ஷெய்கு தாளை வாங்கினார். மடியில் வைத்தார். வலது உள்ளங்கையை எழுத்தின் மேல் பரப்பி வைத்து மூடினார்.

"படிங்க, காக்கா."

"மூடிட்டீங்களே, எப்படிப் படிக்கிறது?"

"படிக்க முடியல இல்லையா?"

"முடியாது."

"சரி. எந்தக் கிணத்துல குடிக்கணும்?"

"வட்டக் கிணத்துலதான். அதான் எழுதியிருக்கே…"

"எழுத்து என் கைக்குக் கீழ இருக்கு."

மீராசா படத்தைப் பார்த்தார்.

முந்தாநாளிலிருந்து அந்தப் படத்தை அவர் பார்க்கவே இல்லை.

பெண் அப்படியேதான் நின்றாள். கைகுவித்துத்தான் குடித்தாள். ஆனால் பச்சைச் சேலை சிவப்பாகியிருந்தது. தென்னை நின்ற இடத்தில் வேறு ஏதோ மரம். அவள் பக்கத்திலிருந்த கிணற்றுக்கு நான்கு மூலை இருந்தது.

"யா அல்லாஹ்!"

ஷெய்கு எழுந்துவிட்டார். "நீங்க கிணத்தடிக்கு. நான் கடைக்கு."

செருப்புப் போடாமலே அவர் ஓடினார். ஷெய்கு ஓடி அதுவரை யாரும் பார்த்ததில்லை.

சதுரக் கிணற்றில் ஏற்கெனவே வாளி இறங்கியிருந்தது. இழுத்துக்கொண்டிருந்தவள் செபஸ்தியம்மாள், அடுத்த கடற்கரைக் குப்பத்துக்காரி. இடுப்பில் காய்ச்சல் பிள்ளை. இடுப்புச் செருகலில் அந்தத் தாள்.

"அம்மா! குடிக்காத! விடு வாளியை!"

"ஏன்?"

"இது கெட்ட தண்ணி. அங்க பாரு, வட்டக் கிணறு. அங்கதான் குடிக்கணும்."

அவள் தாளை உருவி விரித்துக் காட்டினாள். "எனக்குப் படிக்கத் தெரியாது பெரியவரே. கண்ணு தெரியும். இதுல என்ன கிணறு இருக்கு?"

"அந்தப் படம் தப்பு."

"ஆளுக்கு ஒண்ணு சொல்லுவீங்க. இது அச்சுல வந்தது."

"அச்சடிச்சவனே நான்தாம்மா!"

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "அப்போ உங்களை எப்படி நம்புறது?"

பிள்ளை தண்ணீருக்குக் கையை நீட்டியது. வாளி விளிம்புக்கு வந்துவிட்டது.

அவர் வாளியைப் பிடுங்கிக் கவிழ்த்தார். கயிற்றைச் சுருட்டிக் கிணற்றுச் சுவரில் வைத்து அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"நீ போய் அங்க குடி. பிள்ளைக்கும் குடு. பிறகு வந்து என்னை என்ன வேணுமானாலும் திட்டு. காயிதத்தை மட்டும் குடுத்துட்டுப் போ."

"போகாம என்ன செய்ய? கயித்து மேல உட்காந்துட்டீரே."

தாளை அவர் மடியில் எறிந்துவிட்டுப் போனாள். வட்டக் கிணற்றடிக்குப் போய்ச் சேரும்வரை திட்டிக்கொண்டே போனாள்.

மீராசா மடியிலிருந்த தாளை நீவி மடித்தார். ஒன்று.

ஷெய்கு திரும்பி வந்தபோது பாதத்தில் முள் தைத்திருந்தது. கையில் ஒரு கட்டு.

"கடையில மிச்சம் இருந்தது நூத்திப் பதினெட்டு. எண்ணிட்டேன்."

"அப்போ எண்பத்தொண்ணு வெளிய போயிருக்கு."

"ஆமா."

ஷெய்கு கட்டைக் கக்கத்தில் இடுக்கினார். முள்ளைப் பிடுங்க அடுப்படிப் பக்கம் நொண்டிக்கொண்டு போனார்.

வெயில் ஏறியது. பஸ்கள் வந்தன. ஜனங்கள் வந்தார்கள்.

படித்தவர்கள் சிலர் வட்டக் கிணற்றுக்கே போனார்கள். மீராசா சதுரக் கிணற்றுச் சுவரிலிருந்தே கூப்பிட்டுத் தாளைக் கேட்டு வாங்கினார். படித்தவர்களிலும் சிலர் படத்தைப் பார்த்துச் சதுரக் கிணற்றுக்கு வந்தார்கள்.

"எழுத்துல வட்டம்னு போட்டிருக்கே, படிக்கலியா?"

"படிச்சேன். எழுத்துலதான் தப்பு வரும், படத்துலயுமா வரும்னு நினைச்சேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டு தாளை வாங்கினார்.

"யாரு இவரு, கிணத்துல ஏறி உட்காந்திருக்காரு?"

"நேர்த்திக்கடனா இருக்கும்."

"காசு கேப்பாரு, பாரேன்."

"கேக்கலியே. காயிதத்தைல்ல கேக்குறாரு."

"எதுக்கு? என்னமோ இருக்கு. குடுக்காத."

முப்பது வருஷம் தராசுக்கு இந்தப் பக்கமிருந்து அவர் மற்றவர்களைப் பார்த்த பார்வையை அன்று ஊரே அவர் மேல் வைத்தது. ஒருவன் தாளைத் தர மறுத்தான். மீராசா இறங்கிப் போய் அவன் முன்னால் நின்றார். கை நீட்டினார். அவன் கொடுத்துவிட்டான்.

நண்பகல் லுஹர் தொழுகை நேரத்துக்கு ஹமீதா லாத்தா கஞ்சி கொண்டுவந்தாள். சுவரில் இருந்தபடியே குடித்தார்.

"இறங்கி நிழல்ல குடிங்களேன், காக்கா."

"நிழல் இங்க வரும்போது வரட்டும்."

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு செபஸ்தியம்மாள் வந்தாள். பிள்ளை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. திட்டுவாள் என்று அவர் காத்திருந்தார். அவள் திட்டவில்லை. கூட வந்த இரண்டு பெண்களிடமிருந்து தாளைப் பிடுங்கி அவர் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகை நெருங்கியது. பஸ் வரத்து நின்றது. கூட்டம் சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்தது. வாந்தி என்றோ மயக்கம் என்றோ யாரும் வரவில்லை.

ஷெய்கு நொண்டிக்கொண்டு கிணற்றடிக்கு வந்தார்.

"எத்தனை வந்துது, காக்கா?"

"எழுபத்தெட்டு."

"பாங்கு சொல்லப் போறாங்க. இறங்குங்க. தொழுதுட்டுச் சாப்பிடலாம்."

மீராசா மடியிலிருந்த கட்டை எடுத்தார். எச்சில் தொட்டு ஒவ்வொரு தாளாக மறுபடியும் எண்ணினார். ஷெய்கு காத்திருந்தார்.

எண்ணி முடித்துக் கட்டை மடியிலேயே வைத்துக்கொண்டார். சுவரை விட்டு இறங்கவில்லை.

"ஹழ்ரத், பாயை இங்க கொண்டாரச் சொல்லுங்க."

"ஏன்?"

"மீதி மூணு."