எண்ணெய் தொடாதவர்

குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம். மெய்யம்மை அம்மையார் இளம் வயதிலேயே அந்த ஆசிரமத்தின் பொறுப்புக்கு வந்தவர். ஏகாம்பரம் அங்கே மாட்டுக் கொட்டிலைப் பார்த்துக்கொண்டு, வெண்ணெய் கடைந்துகொண்டு, மகள் கோமதியோடு இருந்தார்.

ஏகாம்பரத்துக்கு ஒரு பெருமை உண்டு. கொஞ்சநஞ்சப் பெருமை இல்லை. மனைவி இறந்த அன்று விட்ட எண்ணெயும் நெய்யும் அதன்பிறகு அவர் நாக்கில் பட்டதே இல்லை. "எண்ணெய் தொடாதவர்" என்று ஊரே கைகூப்பியது. பசித்தால் மலைபோலச் சோறு குவித்து ரசம் ஊற்றிக்கொள்வார். தாகமெடுத்தால் வெல்லப் பானகம், அதுவும் செம்பு செம்பாக. அதெல்லாம் விரதத்தில் சேர்த்தியில்லை என்பது அவர் நினைப்பு.

கோமதிக்கு ஈரல் கெட்டுப்போனது. "என் ஈரல்ல பாதிய வெட்டி எடுத்துக்குங்க. பத்தரை மாத்துத் தங்கம்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார் மனிதர். முகம் தொங்கிப்போய்த் திரும்பி வந்தார்.

"என் ஈரல்ல கொழுப்பு படிஞ்சிருக்காம் தாயே. அது குறைஞ்சாத்தான் எடுப்பாங்களாம். சீக்கிரம் குறைச்சிட்டு வாங்க, பொண்ணு ரொம்ப நாள் தாங்காதுன்னு சொல்றாங்க. எண்ணெயே தொடாத எனக்கு எங்கேருந்து வரும் கொழுப்பு? அவங்க மெஷின்தான் கோளாறு."

அம்மையார் எழுந்து அவரையும் கூட்டிக்கொண்டு கொட்டிலுக்கு நடந்தார். பசு லட்சுமி சாவகாசமாக அசை போட்டுக்கொண்டிருந்தது.

"ஐயா, இன்னையிலேருந்து லட்சுமிக்கும் உங்க விரதம்தான். எண்ணெய், நெய் ஒரு சொட்டு குடுக்கக் கூடாது."

ஏகாம்பரத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவ என்னைக்குத் தாயே நெய் சாப்பிட்டா? புல்லு, வைக்கோல், கஞ்சித்தண்ணி. அவ்வளவுதான்."

"அப்போ நீங்க தினமும் கடையுற வெண்ணெய அவ மடியில யாரு கொண்டாந்து ஊத்துறாங்க?"

ஏகாம்பரம் பசுவைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். வெட்கமாக இருந்தது.

அன்று பந்தியில் அம்மையாரே அவருக்குப் பரிமாறினார். ஒரு கைப்பிடி சோறு, நிறையக் கீரை, சுண்டல். பானகம் வரவில்லை. கடைசியாகக் கீரையின்மேல் ஒரு கரண்டி நல்லெண்ணெய் ஊற்றப் போனார்.

ஏகாம்பரம் பதறிப்போய் இரண்டு கைகளாலும் இலையை மறைத்தார்.

"வேணாம் தாயே! பானகத்த விட்டுடுறேன். சோத்தையும் குறைச்சுக்குறேன். இது மட்டும் வேணாம்."

"நல்ல எண்ணெய் அளவா உள்ள போனாத்தான் வயிறு மறுபடி சோறு கேக்காது."

"தெரியுது தாயே. ஆனா பந்தியில அத்தனை பேரும் பாக்குறாங்க. இத்தனை வருஷமா நான் கட்டிக் காப்பாத்தின பேரு..."

அம்மையார் கரண்டியைப் பின்னுக்கு இழுக்கவில்லை.

"கோமதிக்கு எதக் குடுக்கப் போறீங்க ஐயா? ஈரலையா, இந்தப் பேரையா?"