ரெஜினாவின் மூச்சு

பெரம்பூரில், பேக்கரிக்கு மேல்மாடியில் சாக்ஸபோன் சொல்லிக்கொடுக்கும் பிலோமினாவிடம் இன்னாசி சீடனாக வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. தலை நரைத்த பிறகு பள்ளிக்கூடமா என்று தெரிந்தவர்கள் கேலி செய்தார்கள். இன்னாசி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவர் ஒன்றும் கற்றுக்குட்டி இல்லை. நுங்கம்பாக்கத்தில் ஒரு பெரிய ஹோட்டலில் சனிக்கிழமை மாலைகளில் வாசிப்பவர். கல்யாண வரவேற்பு, கம்பெனி விருந்து என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய் வாசித்தவர். ஆனாலும் தன் வாசிப்பில் எதுவோ குறைகிறது என்று அவருக்குப் பட்டுக்கொண்டே இருந்தது. தன் குறை தெரிகிற ஆள் என்பதாலேயே பிலோமினா அவரைச் சேர்த்துக்கொண்டார்.

போன வருஷம் இன்னாசியின் மனைவி ரெஜினா இறந்துபோனாள். நுரையீரலில் வியாதி. இன்னும் இரண்டு மூன்று நாள் தாங்கும் என்று டாக்டர் சொன்னதை நம்பி, இன்னாசி பாண்டிச்சேரியில் ஒரு கல்யாண வரவேற்புக்கு வாசிக்கப் போனார். அங்கே மாப்பிள்ளையும் பெண்ணும் கேக் வெட்டிக்கொண்டிருந்த நேரத்தில் இங்கே ஆஸ்பத்திரியில் ரெஜினாவின் மூச்சு நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்தது மகள் பெனிட்டா மட்டும்தான்.

முப்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு இன்னாசி ஒரு மெட்டுப் போட்டார். மெதுவான, சோகமான ஜாஸ் மெட்டு. அதற்கு மனைவியின் பெயரையே வைத்தார்.

அந்த மெட்டின் நடுவில் ஓர் இடம் வரும். சத்தம் பாதி, வெறும் காற்று பாதியாக வாத்தியம் திணறும். ஒரு மூச்சு நீளமாக வரும். அடுத்தது அதைவிடக் குட்டை. அதற்கடுத்தது இன்னும் குட்டை. பிறகு ஒன்றுமே இருக்காது. வாசிக்க ஆரம்பிப்பதற்கு முன்பே மைக்கில் சொல்லிவிடுவார்: நடுவில் வருவது என் மனைவியின் கடைசி மூச்சு.

அந்த இடத்தில் அழாதவர்கள் குறைவு. சனிக்கிழமை வந்தால் ஒவ்வொரு மேஜையிலும் டிஷ்யூ பெட்டி வைக்கும்படி ஹோட்டல் மேனேஜர் உத்தரவு போட்டிருந்தார். கூட்டம் வாராவாரம் கூடியது. துக்கத்துக்கும் மவுசு வரும் காலம் உண்டுபோல.

பெனிட்டாவும் ஒருநாள் வந்தாள். முன்வரிசை மேஜையில் உட்கார்ந்து கட்லெட் சாப்பிட்டாள். மூச்சு வாங்கும் இடம் வந்தது, போனது. அவள் வாயைத் துடைத்துக்கொண்டாள், கண்ணைத் துடைக்கவில்லை.

அதுதான் இன்னாசியைத் தூங்கவிடாமல் அரித்தது.

"டீச்சர், ஒரு சந்தேகம்."

"கேளுங்கண்ணே."

"யார் யாரோ அழுறாங்க. பெத்த மக அழ மாட்டேங்குறா. ஏன்?"

பிலோமினா வாத்தியத்தின் ஊதுமுனையில் செருகும் ரீடை வாயில் வைத்து ஈரப்படுத்திக்கொண்டிருந்தார். அதை வெளியே எடுத்தார்.

"அவ அழுதா உங்களுக்கு என்ன ஆகணும்?"

சமாளித்துப் பேச வாயெடுத்த இன்னாசி, இவரிடம் போய் என்ன பொய் என்று விட்டுவிட்டார்.

"அன்னைக்கு நான் இல்லாததை அவ மன்னிச்சுட்டான்னு எடுத்துக்குவேன். வீட்டுல ஒரு வார்த்தை பேசறதில்லை டீச்சர். 'சாப்பாடு மேஜைல இருக்கு', 'கதவைச் சாத்திக்கங்க', அவ்வளவுதான். அயர்லாந்துல நர்ஸ் வேலை கிடைச்சிருக்கு. அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை பிளைட். போனா திரும்பி வருவாளோ மாட்டாளோ."

"மன்னிச்சுடுன்னு வாயால கேக்கலாமே?"

"எனக்கு வாய் வராது. தெரிஞ்ச பாஷை இது ஒண்ணுதான்" என்று சாக்ஸபோனைக் காட்டினார். "அந்த மூச்சு இடத்தை இன்னும் கொஞ்சம் இறுக்கணும். கேக்கிறவங்க நெஞ்சு அடைக்கணும். எங்கே இறுக்கணும்னு சொல்லுங்க."

"வாசிங்க."

வாசித்தார். பிலோமினா கண்ணை மூடிக் கேட்டார். வழக்கமாக எந்த மெட்டானாலும் பாதியில் நிறுத்தி, இங்கே மூச்சு எடுக்காதே, அங்கே எடு என்று திருத்துகிறவர், அன்றைக்கு நிறுத்தவே இல்லை.

"குறை எங்கே டீச்சர்?"

"வாசிப்புல குறை இல்லைண்ணே. இந்தச் சனிக்கிழமை நானும் வந்து கேக்கிறேன்."

சொன்னபடி வந்தார். மெட்டு முடிந்ததும், துக்க வீட்டுக்குப் போன உறவுக்காரிபோல மேஜை மேஜையாகப் போய் நின்று என்னவோ கேட்டார். மேடையில் வாத்தியத்தைத் துடைத்துக்கொண்டே இன்னாசி அதைப் பார்த்தார். எல்லாரும் தன் ரெஜினாவைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

"என்ன கேட்டீங்க டீச்சர்?"

"யாருக்காக அழுதீங்கன்னு கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"அந்த டைல்ஸ் கடைக்காரர் அவங்க அண்ணனை நினைச்சு அழுதாராம். பாகப்பிரிவினைக்கு அப்புறம் பேச்சுவார்த்தை இல்லையாம். ஓரத்துல இருந்த பொண்ணு, வேற ஒருத்தியைக் கட்டிக்கிட்ட பையனுக்காக அழுதாளாம். அவன் நல்லா இருக்கட்டும்னு மட்டும் தன்னால நினைக்க முடியலைன்னு சொன்னா. ஒரு புருஷன் பொண்டாட்டிக்கு செத்துப்போன நாய் ஞாபகம்."

"அந்த பேங்க் ஆபீசர்? அவர் வாராவாரம் வர்றவராச்சே."

"அவருக்கு எதுக்குன்னே தெரியலை. வீட்டுல அழ இடமில்லை, இங்க லைட்டு கொஞ்சமா இருக்கு, அதான் வர்றேன்னார்."

இன்னாசி துடைத்த துணியை மடித்து வைத்தார்.

"ரெஜினாவுக்கு?"

"ஒருத்தரும் இல்லை."

"மைக்ல பேரைச் சொல்றேனே டீச்சர்! வியாதியைக்கூட சொல்றேனே!"

"இழவுக்கு வந்தவ தாலி அறுப்பாளாண்ணே?"

இன்னாசிக்கு முகம் சிவந்துவிட்டது. ஒரு வருஷமாகத் தன் வீட்டுச் சாவுக்கு ஊரே அழுகிறது என்று நம்பிக்கொண்டிருந்தவர் அவர். அந்த நம்பிக்கையை வைத்துத்தான் காலையில் எழுந்திருந்தார், பல் தேய்த்தார், வாசித்தார். இப்போது பார்த்தால் ஆளாளுக்கு அவரவர் மூட்டையைக் கொண்டுவந்து இவர் வாசலில் இறக்கிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கசந்துபோயிற்று.

"அப்போ நான் வாசிச்சதெல்லாம் வீண்."

"அவங்களுக்கு வீண் இல்லையே. அந்த பேங்க் ஆபீசர் பாவம், வயிறார அழுதார்."

"விளையாடாதீங்க டீச்சர். அப்போ ரெஜினாவுக்குன்னு அழ மிச்சம் இருக்கிறது பெனிட்டா ஒருத்திதான்."

"நீங்க?"

"நான் எப்படி அழுறது? அழுதா உதடு நடுங்கும். உதடு நடுங்கினா சுருதி நிக்காதே."

ஊதுகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான் அது. பிலோமினாவும் ஊதுகிறவர்.

"அது வாஸ்தவம்தான்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை பெனிட்டா வந்தாள். விடிந்தால் பிளைட். அப்பா அத்தனை தடவை கூப்பிட்டுவிட்டாரே என்று வந்திருந்தாள். பிலோமினா அவளைத் தன் மேஜைக்குக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

அன்றைக்கு இன்னாசி உயிரைக் கொடுத்து வாசித்தார். அதில் சந்தேகமே வேண்டாம். மூச்சு வாங்கும் இடத்தில் தட்டோடு வந்த சர்வர் நடுவழியில் நின்றுவிட்டார். டைல்ஸ் கடைக்காரர் குலுங்கிக் குலுங்கி அழுதார். கடைசி மூச்சுக்குப் பிறகு வருகிற மௌனத்தில் மூக்கு உறிஞ்சும் சத்தம் நாலு பக்கமும் கேட்டது. இன்னாசி வாத்தியத்துக்கு மேலாகக் கண்ணைத் திறந்து மகளைப் பார்த்தார்.

அவள் முகம் துடைத்துவைத்த பாத்திரம்போல இருந்தது. பிலோமினா அவள் பக்கம் சாய்ந்து ஏதோ கேட்டார். அவள் பதில் சொன்னாள். சொல்லச் சொல்லப் பேச்சு நீண்டுகொண்டே போயிற்று. மெட்டின் மீதிப் பாதியை அவர்கள் இருவரும் கேட்கவே இல்லை என்பது இன்னாசிக்கு மேடையிலிருந்தே தெரிந்தது.

கைதட்டல் ஓய்ந்ததும் பெனிட்டா மேடைக்கு வந்தாள்.

"வர்றேன் டாடி. நாலு மணிக்கே கிளம்பணும். நீங்க ஏர்போர்ட்டுக்கு அலைய வேணாம், டாக்ஸி சொல்லிட்டேன்."

"எப்படி இருந்துச்சு பாப்பா?"

அவள் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தாள். ஏதோ கேட்கப்போகிறார் என்று காத்திருந்ததுபோல இருந்தது. அவர் எதுவும் கேட்கவில்லை.

"எல்லாரும் அழுதாங்க டாடி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

வாரம் பிறந்ததும் முதல் வேலையாக இன்னாசி மேல்மாடிக்கு ஏறினார். இரண்டு நாள் தாடி. வாத்தியப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"கல்நெஞ்சுக்காரி டீச்சர். சொந்த அம்மா மூச்சு நிக்கிற இடத்துல உங்ககிட்ட கதை பேசிட்டு இருக்கா."

"நான்தான் கேட்டேன்."

"என்ன கேட்டீங்க?"

"அந்த இடத்துல உனக்கு அழுகை வரலையாம்மான்னு."

"என்ன சொன்னா?"

"'எங்கம்மா மூச்சு அப்படி இல்லை ஆன்ட்டி'ன்னு சொன்னா."

கீழே பேக்கரியில் யாரோ ரொட்டித் தட்டை இழுக்கிற சத்தம் கேட்டது.

"நுரையீரல் வியாதின்னா அப்படித்தானே டீச்சர் இருக்கும்? மூச்சு குறைஞ்சு குறைஞ்சு..."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை. அப்படித்தான் இருக்கும்னு நானா நினைச்சேன்."

"நினைச்சதை நல்லா வாசிச்சீங்க. அங்கே இல்லாதவங்க எல்லாருக்கும் அது போதுமா இருந்துச்சு. இருந்தவ ஒருத்திதானேண்ணே. வாராவாரம் நீங்க மைக்ல அம்மா பேரைச் சொல்லிட்டு வேற யாரோட சாவையோ வாசிக்கிறீங்கன்னு அவளுக்குத் தெரியும்."

இன்னாசிக்கு நெஞ்சில் உலக்கையால் இடித்ததுபோல இருந்தது. வலி தாங்காமல் கோபம் வந்தது.

"தெரிஞ்சா என்கிட்ட சொல்றதுக்கு என்ன? ஒரு வருஷமா ஒரே வீட்டுலதானே இருந்தோம்? டாடி, அப்படி இல்லை, இப்படின்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"ஒரு வருஷமா நீங்க கேக்கவே இல்லையாமே."

இல்லை என்று மறுக்க இன்னாசி நிமிர்ந்தார். பாண்டிச்சேரியிலிருந்து வந்து இறங்கிய அன்றைக்கு அவர் என்னென்னவோ கேட்டார். சாமியாருக்குச் சொல்லியாச்சா என்று கேட்டார். எந்தப் புடவை கட்டுவது என்று கேட்டார். எத்தனை மணிக்குப் போச்சு என்றுகூடக் கேட்டார். எப்படிப் போச்சு என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடுமே என்று பயந்தார். பயந்தவர், பதிலைத் தானே உண்டாக்கிக்கொண்டார். அதற்குச் சுருதியும் சேர்த்தார்.

கண் நிறைந்து தாடியில் வழிந்தது. மனைவி போனபிறகு அவர் அழுவது அதுதான் முதல் தடவை. உதடு கட்டுக்கு அடங்காமல் நடுங்கியது.

"உங்ககிட்ட சொன்னாளா டீச்சர்? எப்படி இருந்துச்சுன்னு?"

"சொன்னா. முழுசா சொன்னா."

"எனக்குச் சொல்லுங்க."

பிலோமினா முகம் துடைக்க ஒரு துண்டை நீட்டினார்.

"போன் போட்டேன் டீச்சர். போய்ச் சேர்ந்துட்டேன்னு ஒரு மெசேஜ், அதோட சரி. போனை எடுக்க மாட்டேங்குறா. இனிமே எடுப்பாளோ என்னமோ. அவளை விட்டா அது தெரிஞ்ச ஆள் உலகத்துல நீங்க ஒருத்தர்தான். கையெடுத்துக் கும்பிடறேன். என் பொண்டாட்டியோட கடைசி மூச்சு எப்படி இருந்துச்சு?"

கும்பிட்ட கை கீழே இறங்கி, மடியில் இருந்த பெட்டியின் மேல் உட்கார்ந்தது. அதன் விரல்கள் தாழ்ப்பாளைத் தள்ளித் திறந்தன. அதை அவர் கவனிக்கவில்லை. பிலோமினா கவனித்தார்.

"நான் சொன்னா, அதையும் வாசிப்பீங்க" என்றார்.